வாடகைக் கப்பலும் சொந்தக் கப்பலும்

கோடை விடுமுறை நெருங்கும் நாள்களில் நாளிதழ்களிலும் கைப்பேசித் திரைகளிலும் சொகுசுக் கப்பல் சுற்றுலா விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அத்தகைய கப்பல் ஒன்றின் பயணத்தை முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கிவைத்த பிறகு, நடுத்தரக் குடும்பங்களும் கடற்பயணத்தைப் பற்றி எண்ணிப் பார்க்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் கடல் இல்லை. மூன்று புறமும் மலை. நடுவில் நெல்லும் வாழையும் பன்னீர் திராட்சையும். இங்குள்ளோர் கப்பலேறும் ஆசையைப் பெரும்பாலும் தேக்கடிப் படகிலேயே தீர்த்துக்கொள்கின்றனர்.

கட்டணம் செலுத்திவிட்டுப் பிறர் கப்பலில் ஏறிக்கொள்வது எளிது. எரிபொருள், மாலுமிகளின் ஊதியம், துறைமுக வாடகை, பழுதுபார்ப்பு ஆகிய எவையும் பயணியின் கவலையல்ல. சொந்தமாகக் கலம் வைத்திருப்பவருக்கோ இவை யாவும் தலைச்சுமை. ஆனால், எங்கே போவது, எப்போது புறப்படுவது, யாரை ஏற்றுவது என்பதை அவரே முடிவு செய்யலாம். கடற்பயணத்தில் நாட்டமுள்ளோர் உலகெங்கும் பேசும் வழக்கமான விவாதம் இது. விடுமுறைக் கணக்காக இது ஒரு பொழுதுபோக்குப் பேச்சு. ஆனால், ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு தமிழ்நாட்டில் ஒருவர் இந்தக் கேள்விக்கு விடை காணத் தம் செல்வத்தையும் தொழிலையும் உடல்நலத்தையும் இழந்தார். அவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை.

கப்பலோட்டிய தமிழன் என்ற பட்டமும், 1961-இல் வெளிவந்த அப்பெயர் கொண்ட திரைப்படமும் அவரைத் தமிழர் ஒவ்வொருவர் வீட்டிலும் அறிமுகப்படுத்திவிட்டன. எனினும், ஓடிய கப்பல் எவருடையது, அதற்கான பணம் எங்கிருந்து வந்தது, ஏன் நின்றது என்ற விவரங்கள் பெயரளவுக்கே நினைவில் இருக்கின்றன. செக்கிழுத்த காட்சி மனதில் நிற்கிறது. பங்குப் பத்திரம் மறந்துபோய்விட்டது.

அவர் 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வழக்குரைஞர். தாய் பரமாயி அம்மாள். ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் பயின்று, சில காலம் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, பிறகு திருச்சியில் சட்டம் படித்துத் தேர்ந்தார். 1895-இல் ஒட்டப்பிடாரத்தில் வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கினார். நம் பள்ளத்தாக்கில் உள்ளோருக்கு அந்த ஆண்டு வேறொரு காரணத்தால் மறக்க முடியாதது. அவ்வாண்டு அக்டோபரில்தான் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீர் கிழக்கே திரும்பியது.

ஏழைகளின் வழக்குகளைக் கட்டணமின்றி நடத்தியதும், காவல் துறையினர் தொடுத்த வழக்குகளில் எதிர்த்தரப்புக்கு வாதாடி வென்றதும் அவருக்கு ஊரில் நற்பெயரையும் அதிகாரிகளிடம் பகையையும் ஒருங்கே தேடித் தந்தன. அந்தப் பகையைத் தவிர்க்கும்பொருட்டு 1900-ஆம் ஆண்டளவில் தூத்துக்குடிக்குத் தொழிலை மாற்றிக்கொண்டார். முதல் மனைவி வள்ளியம்மாள் இளம் வயதிலேயே காலமானார்; 1901-இல் மீனாட்சி அம்மாளை மணந்தார். சென்னையில் இராமகிருஷ்ணானந்தரைச் சந்தித்ததும், வங்கப் பிரிவினையைத் தொடர்ந்து எழுந்த சுதேசி இயக்கமும், பாரதியாரின் நட்பும் அவரை நீதிமன்ற வளாகத்திற்கு வெளியே இழுத்து வந்தன.

தூத்துக்குடி அப்போது தென்தமிழ்நாட்டின் வாயில். பருத்தியும் அரிசியும் கருவாடும் அங்கிருந்து கொழும்புக்குச் சென்றன. அவற்றோடு மனிதர்களும் சென்றனர். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்திற்கு முன்னும் பின்னும் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் பல லட்சம் பேர். கங்காணி காட்டிய வழியில், கப்பலின் மேல்தளத்தில் மூட்டைகளோடு மூட்டையாகக் குந்தியிருந்து கடல் கடந்தவர்கள் அவர்கள். இன்று விடியலுக்கு முன் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களைப் பார்ப்போருக்கு அந்தப் பயணத்தை விளக்க வேண்டியதில்லை. வண்டி எவருடையதோ அவர் வைத்ததே நேரம். அவர் வைத்ததே கட்டணம்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கடல் ஓரிரவுப் பயணத் தொலைவுதான். அந்தத் தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் என்ற ஆங்கில நிறுவனமே கோலோச்சிக்கொண்டிருந்தது. சரக்குக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்பதை அந்நிறுவனம் சொன்னால் அதுவே சட்டம். தூத்துக்குடி வணிகர்களுக்கு இதில் நெடுநாள் மனக்குறை இருந்தது. அந்தக் குறையையும் சுதேசி உணர்வையும் ஒன்றாகப் பிணைத்ததுதான் சிதம்பரம் பிள்ளையின் தனித்திறன். அந்நியத் துணியைத் தீயிலிடுவதற்கு ஒரு தீக்குச்சி போதும். அந்நியக் கப்பலைப் புறக்கணிக்க வேண்டுமானால் மாற்றாக ஒரு கப்பல் வேண்டும். சுதேசியைப் பற்றிப் பேசியோர் பலர்; இந்த வேறுபாட்டை உணர்ந்து கணக்கேட்டைத் திறந்தவர்கள் மிகச் சிலரே.

1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியர் எவரும் பங்கு வாங்கலாம் என்பது விதி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் செயலரானார். அவர் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, எடுத்துக்கொண்டார். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர்களுள் ஒருவர். நிறுவனத்தை உருவாக்கிய சிதம்பரம் பிள்ளை தமக்கென வைத்துக்கொண்டது துணைச் செயலர் பதவி.

பங்கின் விலையை 25 ரூபாயாக வைத்ததில் ஒரு நோக்கம் இருந்தது. அன்றைய நிலையில் அது கூலித் தொழிலாளிக்கு எட்டாத தொகை. ஆனால், சிறு வணிகருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் வழக்குரைஞர் குமாஸ்தாவுக்கும் முயன்றால் எட்டக்கூடியது. ஒரு பெருந்தனக்காரர் கப்பல் வாங்கி ஓட்டினால் அது அவருடைய கப்பல். நாற்பதாயிரம் பங்குகளாகப் பிரித்தால் அது ஊருடைய கப்பல். சொந்தக் கலம் என்று சிதம்பரம் பிள்ளை எண்ணியது இதைத்தான். அவர் பெயரில் எந்தக் கப்பலும் ஒருபோதும் இருந்ததில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் நிறுவனத்திடம் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் நிறுவனத்திடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினர். இதைக் கண்ட ஆங்கில நிறுவனம், வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தை நெருக்கியது, ஒப்பந்தம் முறிந்தது. பயணிகளும் சரக்கும் தயாராக இருக்க, கப்பல் இல்லாமல் போயிற்று. சிதம்பரம் பிள்ளை உடனே கொழும்புக்குச் சென்று அங்கே வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்து தடத்தை அறுபடாமல் காத்தார். ஆனாலும், அந்தச் சில வாரங்கள் அவருக்கு ஒன்றைத் தெளிவாக்கிவிட்டன. வாடகைக் கலத்தில் ஓட்டுநர் நம்மவராக இருக்கலாம், கொடி நம்முடையதாக இருக்கலாம். கயிறு மட்டும் வேறொருவர் கையில் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் அதை அவர் இழுத்துக்கொள்ளலாம்.

எனவே, சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய் புறப்பட்டார். வீட்டில் மூத்த மகன் நோயுற்றிருந்தான். மனைவி பேறுகாலத்தை நெருங்கியிருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் திரும்பமாட்டேன் என்ற உறுதியோடு அவர் சென்றதாகவும் பதிவு செய்துள்ளனர். குடும்பத்தை அந்நிலையில் விட்டுச் சென்றதைப் பெருமைக்குரிய தியாகமாக மட்டுமே நாம் இதுவரை படித்து வந்திருக்கிறோம். மீனாட்சி அம்மாளின் பக்கத்திலிருந்து அதை எழுதிப் பார்த்தவர்கள் குறைவு. பம்பாயில் திலகரின் துணையும் அங்குள்ள வணிகர்களின் ஆதரவும் கிடைத்தன. காலியா என்ற கப்பல் 1907-இல் தூத்துக்குடி வந்து சேர்ந்தது. பிரான்ஸிலிருந்து லாவோ என்ற இரண்டாவது கப்பலும் வாங்கப்பட்டது. முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், அவர்களோடு 4,000 மூட்டைச் சரக்கு என்பது ஒரு கப்பலின் கொள்ளளவாகச் சொல்லப்படுகிறது. அந்த 1,300 என்ற எண்ணில்தான் இந்த முயற்சியின் உயிர் இருந்தது. பாரதியார் தம் இந்தியா இதழில் இந்நிகழ்வைக் கொண்டாடி எழுதினார்.

அடுத்து நடந்தது கட்டணப் போர். ஆங்கில நிறுவனம் ஆள் ஒன்றுக்குக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி நிறுவனம் அரை ரூபாய்க்கு இறங்கியது. கடைசியில் ஆங்கில நிறுவனம் கட்டணமே வேண்டாம் என்று சொல்லி, ஏறுவோருக்கு ஒரு குடையும் இலவசமாகக் கொடுக்க முன்வந்தது. பள்ளிப் பாடநூலில் நகைச்சுவைத் துணுக்குபோல வந்துபோகும் இந்தக் குடை, வணிக வரலாற்றில் நன்கு அறியப்பட்ட ஒரு முறையின் அடையாளம். பத்துத் தடங்களில் ஈட்டும் இலாபத்தைக் கொண்டு ஒரு தடத்தின் நட்டத்தைத் தாங்கக்கூடியவன், ஒரே தடத்தை நம்பியிருப்பவனைப் பட்டினி போட்டு வீழ்த்துவது அது.

இதற்கு முன்னும் பின்னும் இதே கதை நடந்திருக்கிறது. வங்கத்தில் 1880-களில் தாகூரின் தமையனார் ஜோதிரிந்திரநாத் குல்னாவுக்கும் பரிசாலுக்கும் இடையே நீராவிப் படகுகளை ஓட்டி, ஆங்கில நிறுவனத்தோடு போட்டியிட்டுக் கட்டணத்தைக் கைவிட்டு, பயணிகளுக்குச் சிற்றுண்டியும் கொடுத்துக் கடனாளியானார். ஜாம்ஷெட்ஜி டாடா 1890-களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து கப்பல் தடம் தொடங்கியபோது, பி அண்டு ஓ நிறுவனம் சரக்குக் கட்டணத்தைப் பெருமளவு குறைத்து அவரை விரட்டியது. 1919-இல் பம்பாயிலிருந்து லண்டனுக்கு லாயல்டி என்ற கப்பலை அனுப்பிய சிந்தியா நிறுவனமும் இதே எதிர்ப்பைச் சந்தித்தது. அது மட்டும் தாக்குப்பிடித்தது. அக்கப்பல் புறப்பட்ட ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தூத்துக்குடியில் ஓடிய காலியாவுக்கு அப்படியொரு நாள் இல்லை.

குடைக்காக அந்நியக் கப்பலில் ஏறியவர்களைத் துரோகிகள் என்று மேடைகளில் சாடுவது எளிது. அது நியாயமாகுமா என்று தெரியவில்லை. கொழும்பில் கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு அரை ரூபாய் என்பது ஒன்றிரண்டு நாள் உணவு. அவர் 25 ரூபாய்ப் பங்கு வாங்கியவர் அல்லர். கட்டணம் இன்று குறைந்தால் நாளை ஏறும் என்று அவருக்கு எடுத்துச் சொல்வது கடினம். நாளைக்கு அவர் கண்டியிலோ நுவரெலியாவிலோ ஒரு லயத்தில் இருப்பார். பொறுப்பு அவரைவிடப் பங்குதாரர்களுக்கே அதிகம். தமிழ் வணிகர்கள் பலர் நட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்கினர். அரசியல் பேச்சை விட்டுவிட்டு நிறுவனத்தை மட்டும் கவனிக்கும்படி இயக்குநர்கள் சிதம்பரம் பிள்ளையை வற்புறுத்தினர். வணிகம் தெரிந்தவர்களின் எச்சரிக்கை என்ற அளவில் அதில் தவறில்லை. ஆனால், மக்கள் அந்தக் கப்பலில் ஏறியதே அந்த அரசியல் பேச்சால்தான் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சை நிறுத்தியிருந்தால் அது வெறும் நட்டத்தில் ஓடும் கப்பலாகிவிட்டிருக்கும்.

அரசு நிர்வாகம் நடுநிலை வகிக்கவில்லை. தூத்துக்குடியில் உதவி ஆட்சியராக இருந்த ஆஷ், ஆங்கில நிறுவனத்தின் பக்கம் வெளிப்படையாகவே நின்றார். சுதேசிக் கப்பலின் பயணிகளுக்கு மருத்துவப் பரிசோதனை, சுங்கச் சோதனை என்ற பெயரில் தாமதங்கள் நேர்ந்தன. கலம் நம்முடையதாக இருந்தும், அது கட்டும் துறை நம்முடையதாக இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதைக் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளவர்கள் இன்னும் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். பெரியாறு அணையைப் பராமரிப்பது தமிழ்நாட்டுப் பொறியாளர்கள். அணைக்குப் போகத் தேக்கடியிலிருந்து ஏரியைப் படகில் கடந்தாக வேண்டும். அதற்கெனத் தமிழன்னை என்ற படகைத் தமிழ்நாட்டுத் துறை சொந்தப் பணத்தில் வாங்கியது. ஏரியில் அதை ஓட்ட அண்டை மாநிலத்தின் அனுமதி வேண்டும் என்பதால், படகு பல ஆண்டுகள் கரையிலேயே கட்டிக்கிடந்தது. அதே ஏரியில் சுற்றுலாப் படகுகள் நாள்தோறும் ஓடின; கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் சென்றவர்கள் வரிசையில் நின்று சீட்டு வாங்கி அவற்றில் ஏறினர். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே ஜலகன்யகா என்ற ஈரடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததையும் இங்குள்ளோர் மறக்கவில்லை. சீட்டு வாங்கி ஏறுபவர் படகின் கட்டுமானத்தைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்கும் இடத்திலும் அவர் இல்லை.

மீண்டும் 1908-க்கு வருவோம். பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். ஏறத்தாழ ஒன்பது நாள்களில் ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. கப்பலில் ஏறிய வகுப்பினரும் ஆலையில் உழைத்த வகுப்பினரும் ஒருவர் பின்னே திரள்வதை அரசு பொறுத்துக்கொள்ளவில்லை. விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடிய கூட்டங்களைக் காரணம் காட்டி, மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொந்தளித்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரச நிந்தனைக்காக 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக 20 ஆண்டு, ஒன்றன்பின் ஒன்றாக 40 ஆண்டு நாடுகடத்தல். அப்போது சிதம்பரம் பிள்ளைக்கு வயது 35. தீர்ப்பைக் கேட்ட அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அவர் பின்னர் தேறவேயில்லை. மேல்முறையீட்டில் தண்டனை 6 ஆண்டுகளாகக் குறைந்தது. கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. அதன்பின் கண்ணனூர்ச் சிறை. சிறையில் இருந்தபோதே நூல்கள் எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் ஆலனின் நூலை மனம்போல வாழ்வு என்ற பெயரில் மொழிபெயர்த்தார். மெய்யறம் என்ற அறநூலையும் தம் வாழ்க்கையைச் செய்யுளிலும் எழுதினார்.

அவர் உள்ளே இருந்தபோது நிறுவனம் வெளியே கரைந்துகொண்டிருந்தது. வழிநடத்த ஆளில்லை, தொடர்ந்து நட்டத்தை ஏற்க மனமுமில்லை. 1911-இல் அது கலைக்கப்பட்டது. வாங்கிய கப்பல் போட்டி நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்தது என்ற செய்தி, சிறைத் தண்டனையைவிட அவரை அதிகமாக வாட்டியதாகச் சொல்வர். அந்நியரிடம் விற்பதைவிட அதை உடைத்துக் கடலில் போட்டிருக்கலாம் என்று அவர் மனம் நொந்தார். அதே ஆண்டு ஜூன் 17 அன்று, அதற்குள் மாவட்ட ஆட்சியராகிவிட்ட ஆஷை மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். அந்நிகழ்வுக்குப் பின் திருநெல்வேலிப் பகுதியில் அரசின் பிடி மேலும் இறுகியது.

1912 டிசம்பர் 24 அன்று விடுதலையானபோது அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. சிறையில் தொழுநோய்க்கு ஆளாகியிருந்த சிவா, வாயிலில் காத்திருந்தார். வழக்குரைஞர் உரிமம் பறிபோயிருந்தது. குடும்பத்தோடு சென்னைக்குச் சென்று சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறி மாறி வாழ்ந்தார். அரிசி, நெய் என்று சிறு வணிகங்களில் இறங்கிப் பார்த்தார்; எதுவும் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கெனத் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்த பணம், பல கடிதங்கள் எழுதிய பிறகு 1916-இல் 347 ரூபாய் 12 அணாவாக வந்து சேர்ந்தது. 10 லட்சம் ரூபாய் நிறுவனத்தை நடத்தியவர் அந்தத் தொகைக்காக ஓராண்டு காத்திருந்தார்.

பின்னர் கோவையில் கூட்டுறவு வங்கி ஒன்றில் பணி. வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் பரிவால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார். தம்மைச் சிறைக்கு அனுப்பிய ஆட்சியின் நீதிபதி ஒருவர் பெயரை மகனுக்கு வைக்கும் மனம் எத்தகையது என்று வியக்கத்தான் தோன்றுகிறது. 1920-இல் கல்கத்தா காங்கிரஸுக்குச் சென்றார். ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்க இயலாமல் விலகினார். 1927-இல் சேலம் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். எஞ்சிய ஆண்டுகளில் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் தொழில் செய்துகொண்டே தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை எழுதினார். ஒரு தமிழறிஞராக மட்டுமே அவரை எடுத்துக்கொண்டாலும் அவருக்கு இடம் உண்டு. கப்பலின் நிழல் அந்தப் பணியை மறைத்துவிட்டது.

அவர் தொடங்கிய தடத்தின் பின்வரலாறும் மகிழ்ச்சியானதன்று. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல், 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அவ்வழியில் நின்றது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பயணிகள் கப்பல் விடப்பட்டபோது, வ.உ.சி.யின் கனவு நிறைவேறியதாகப் பலர் மகிழ்ந்தனர். சில மாதங்களிலேயே, அவ்வாண்டு நவம்பரில், அது நின்றது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அதே ஆண்டில் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற கப்பல் தொடங்கிச் சில நாள்களில் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் மீண்டும் அத்தடத்தில் ஓடத் தொடங்கியது. சொகுசுக் கப்பலில் ஒரு குடும்பம் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இதன் கட்டணம் மிகக் குறைவு. இதில் பயணம் செய்வோரில் பலர் உறவினரைக் காணச் செல்வோரும் சிறு வணிகரும்தான். இந்தச் சிறு கப்பல் தொடர்ந்து ஓடுமா என்பதில் நம் அரசுகளும் வணிகர்களும் காட்டும் அக்கறை போதுமானதாகத் தெரியவில்லை. பருவமழைக் காலத்தில் நிறுத்தப்படும் ஒவ்வொரு முறையும் அது திரும்பி வருமா என்ற ஐயத்தோடுதான் மக்கள் காத்திருக்கின்றனர். கடலில் பயணிகள் தடம் ஒன்று நிலைபெற ஆண்டுக்கணக்கில் நட்டத்தைத் தாங்க வேண்டும் என்பதைக் காலியாவின் கணக்கேடே காட்டியிருக்கிறது. 25 ரூபாய் வீதம் பொதுமக்களிடம் திரட்டிய பணத்தைக் கொண்டு அன்று முயன்றனர். இன்று அரசின் கருவூலமே அதைத் தாங்க முடியும்.

சிதம்பரம் பிள்ளையின் இறுதி நாள்கள் தூத்துக்குடியில் கழிந்தன. 1936 நவம்பரில் நோய் முற்றியபோது, தம்மைக் காங்கிரஸ் அலுவலகத்துக்குத் தூக்கிச் செல்லும்படி கேட்டுக்கொண்டார். அங்கேயே நவம்பர் 18 அன்று அவர் உயிர் பிரிந்தது. அதற்கு முன் அவர் எழுதிய உயிலில், துணிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் தாம் தர வேண்டிய பாக்கிகளைத் தனித்தனியே குறித்து, அவற்றை மறவாமல் செலுத்திவிட வேண்டும் என்று குடும்பத்தாருக்கு எழுதி வைத்திருந்தார்.